சாக மறுக்கும் உயிரணுக்களும் புற்றுநோயின் போக்கும்

நுரையீரல் புற்றுநோயாளிகள் இருவர். நோயின் வகை ஒன்று. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையும் ஒன்று, அளவும் ஒன்று. ஒருவருக்கு நோய் ஓராண்டு அடங்கி இருக்கிறது. மற்றவருக்கு ஆறாம் மாதமே மீண்டும் தலைதூக்கிவிடுகிறது. "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா? பத்தியம் தவறிவிட்டதா?" என்று உறவினர் கேட்கத் தொடங்குகின்றனர். நோயாளியும் தம்மைத் தாமே நொந்துகொள்கிறார்.

மருத்துவமனைகளில் அடிக்கடி நடப்பது இது. நோயாளி எந்தத் தவறும் செய்யாமலே இந்த வேறுபாடு வரலாம். அதற்குரிய காரணங்களுள் ஒன்று, அவர் பிறக்கும்போதே பெற்றோரிடமிருந்து வந்த ஒரு மரபணுவில் இருக்கக்கூடும் என்பதை 2012ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் தலைமையில் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. உயிரணு எப்போது சாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் புரதம் ஒன்றின் மரபணு அது. புற்றுநோய் எப்படிப் போகும், மருந்து எவ்வளவு காலம் கைகொடுக்கும் என்று கணிப்பதில் இத்தகைய புரதங்களுக்கு இன்று முக்கிய இடம் உண்டு.

இறப்பதும் உடலின் வேலைதான்

உயிரணு சாவது என்றால் கெடுதல் என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மையில் நம் உடலில் நாள்தோறும் பல பில்லியன் உயிரணுக்கள் தாமாகவே இறக்கின்றன. அவற்றின் இடத்தில் புதியவை வருகின்றன. தாயின் வயிற்றில் வளரும் சிசுவின் கை முதலில் துடுப்பைப் போல் இருக்கும். விரல்களுக்கு இடையே உள்ள உயிரணுக்கள் குறித்த நாளில் இறப்பதால்தான் ஐந்து விரல்களும் தனித்தனியே பிரிகின்றன. தவளைக்குஞ்சின் வால் மறைவதும் இப்படித்தான்.

இந்த ஒழுங்கான சாவுக்கு 1972ஆம் ஆண்டில் ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டர் கரி ஆகிய மூவரும் 'அபோப்டோசிஸ்' என்று பெயரிட்டனர். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. பழுத்த இலை உதிரும்போது மரத்திற்குக் காயம் இல்லை. அதுபோலவே, இவ்வாறு இறக்கும் உயிரணுவும் சுருங்கி, சிறு துண்டுகளாகப் பிரிந்து, பக்கத்து உயிரணுக்களுக்கு உணவாகிவிடுகிறது. அடிபட்டோ தீப்பட்டோ சாகும் உயிரணு அப்படியல்ல. அது வெடித்து, உள்ளே இருப்பதைக் கொட்டி, சுற்றிலும் வீக்கத்தை உண்டாக்கும்.

இந்தச் சாவு தற்செயலானதன்று, மரபணுக்களில் எழுதப்பட்டது என்பதை ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழு ஒன்று காட்டிக்கொடுத்தது. அந்தப் புழு வளரும்போது 1,090 உயிரணுக்கள் உருவாகின்றன. அவற்றுள் சரியாக 131 உயிரணுக்கள் இறந்துவிடுகின்றன. எந்தப் புழுவை எடுத்துப் பார்த்தாலும் அதே 131தான். இதை ஆராய்ந்த சிட்னி பிரெனர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் ஆகியோருக்கு 2002ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

பெருகுவது பாதிக் கதைதான்

புற்றுநோய் என்றால் உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவது என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். அது பாதிக் கதை. சாக வேண்டிய உயிரணு சாக மறுப்பது மீதிப் பாதி.

1980களின் நடுப்பகுதியில், நிணநீர்ப் புற்றுநோய் வகை ஒன்றில் 14ஆம் குரோமோசோமும் 18ஆம் குரோமோசோமும் உடைந்து இடம் மாறி ஒட்டியிருப்பதை ஆய்வாளர்கள் நுணுகிப் பார்த்தனர். ஒட்டிய இடத்தில் ஒரு மரபணு கிடைத்தது. அதற்கு 'பிசிஎல்-2' என்று பெயர் வைத்தனர். மற்றப் புற்றுநோய் மரபணுக்களைப் போல இதுவும் உயிரணுவைப் பெருகச் செய்யும் என்றே எதிர்பார்த்தார்கள்.

1988ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உள்ள வால்ட்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வுக் கழகத்தில் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் ஆகியோர் அந்த எண்ணத்தை மாற்றினர். பிசிஎல்-2 அதிகம் உள்ள உயிரணுக்கள் கூடுதலாகப் பெருகவில்லை. ஆனால், வளர்ச்சிக் காரணி நிறுத்தப்பட்டபோதும் அவை சாகாமல் கிடந்தன. ஓர் உயிரணுவை நெடுநாள் வாழவிட்டாலே அது புற்றுநோய்க்கு வழி திறக்கும் என்பது அப்போதுதான் தெரிய வந்தது. சாகாமல் கிடக்கும் உயிரணுவில் மற்ற மரபணுக் கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர அவகாசம் கிடைத்துவிடுகிறது.

மூன்று அணிகள்

பிசிஎல்-2 ஒரு பெரிய குடும்பத்தின் மூத்த பிள்ளை எனலாம். அந்தக் குடும்பத்தின் புரதங்களை மூன்று அணிகளாகப் பிரித்துப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

முதல் அணி காவலர்கள். பிசிஎல்-2, பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1 ஆகியவை இதில் அடங்கும். உயிரணுவைச் சாகவிடாமல் காப்பது இவற்றின் வேலை.

இரண்டாவது அணி துளை போடுபவர்கள். பேக்ஸ், பேக் என்னும் இரு புரதங்கள். உயிரணுவுக்குள் ஆற்றலை உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியாவின் சுவரில் இவை துளையிடுகின்றன. துளை வழியே சைட்டோகுரோம்-சி என்னும் பொருள் வெளியே கசிகிறது. உடனே காஸ்பேஸ் எனப்படும் நொதிகள் விழித்துக்கொண்டு உயிரணுவை உள்ளிருந்தே வெட்டித் துண்டாக்குகின்றன. இதன் பிறகு பெரும்பாலும் திரும்பி வரும் வழி இல்லை.

மூன்றாவது அணி தூதர்கள். பிம், பூமா, நோக்சா போன்ற சிறு புரதங்கள் இவை. உயிரணுவுக்குச் சேதம் நேர்ந்தாலோ, 'வாழ்' என்று வெளியிலிருந்து வரும் சமிக்ஞை நின்றாலோ, இவற்றின் எண்ணிக்கை கூடும். இவை ஓடிவந்து காவலர்களின் கையைப் பிடித்துக்கொள்ளும். காவலர் கை கட்டப்பட்டதும் துளை போடுபவர்களுக்குத் தடை நீங்கிவிடும்.

ஓர் உயிரணு சாகுமா, பிழைக்குமா என்பது இந்த மூன்று அணிகளின் பலத்தைப் பொறுத்தது. காவலர் மிகுந்தாலும் தூதர் குறைந்தாலும் புற்றுநோய் உயிரணுவுக்குக் கொண்டாட்டம்தான். இங்கே இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். கீமோதெரபி மருந்துகளும் கதிரியக்கச் சிகிச்சையும் பெரும்பாலும் உயிரணுவுக்குச் சேதம் விளைவித்து, இதே வழியில் அதைச் சாகத் தூண்டுகின்றன. ஆகவே இந்த வழி அடைபட்டிருந்தால் மருந்தும் தோற்றுப்போகிறது. நோயின் போக்கைக் கணிக்க மருத்துவர்கள் இப்புரதங்களை ஆராய்வதற்குக் காரணம் இதுதான்.

தூதரை அனுப்பும் பி53

தூதர்களை அனுப்பிவைக்கும் தலைவர்களுள் முக்கியமானது பி53 என்னும் புரதம். மரபணுக்கள் சேதமடைந்தால் இது விழித்தெழுகிறது. முதலில் உயிரணுவின் பெருக்கத்தை நிறுத்திச் சீர்செய்ய நேரம் தருகிறது. சீர்செய்ய முடியாத நிலை வந்தால் பூமா, நோக்சா ஆகிய தூதர்களை அனுப்பி அந்த உயிரணுவைச் சாகச் செய்கிறது.

பி53 கண்டுபிடிக்கப்பட்டது 1979ஆம் ஆண்டில். சில ஆய்வுக்குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதைக் கண்டறிந்தன. அவர்களுள் ஒருவரான பிரிட்டிஷ் விஞ்ஞானி டேவிட் லேன் பிற்காலத்தில் சிங்கப்பூரின் பயோபோலிஸ் வளாகத்தில் மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகத்திற்குத் தலைமை ஏற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. கண்டுபிடித்த முதல் பத்தாண்டுகளுக்கு இப்புரதம் புற்றுநோயை உண்டாக்குவது என்றே கருதப்பட்டது. 1989ஆம் ஆண்டு வாக்கில்தான் உண்மை வெளிப்பட்டது. அதுவரை ஆய்வுக்கூடங்களில் இருந்தவை பெரும்பாலும் பழுதடைந்த பி53 மாதிரிகள். பழுதில்லாத பி53 புற்றுநோயைத் தடுக்கிறது.

மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் பி53 மரபணு பழுதடைந்திருக்கிறது. யானையின் கதை இதற்கு நேர்மாறானது. மனிதருக்கு இந்த மரபணு ஒரு ஜோடி. யானைக்குச் சுமார் 20 ஜோடி என்று 2015ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அத்தனை பெரிய உடலில் அத்தனை உயிரணுக்கள் இருந்தும் யானைகள் புற்றுநோயால் மடிவது குறைவு. சேதமடைந்த உயிரணுக்கள் யானையின் உடலில் விரைவாக இறந்துவிடுவது இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

முன்கணிப்பு என்றால் என்ன?

நோய் இன்னது என்று கண்டறிவது ஒன்று. அந்த நோய் இனி எப்படிப் போகும் என்று மதிப்பிடுவது வேறொன்று. இரண்டாவதைத்தான் முன்கணிப்பு என்கிறோம். கட்டியின் அளவு, நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியதா, வேறு உறுப்புகளுக்குச் சென்றதா, நோயாளியின் வயது, உடல்நிலை ஆகியவைதான் இன்றும் முன்கணிப்பின் அடித்தளம். அவற்றோடு சேர்த்துப் பார்க்கும் கூடுதல் அடையாளங்களாகவே புரதச் சோதனைகள் பயன்படுகின்றன.

இந்தச் சோதனை எப்படி நடக்கிறது? கட்டியிலிருந்து எடுத்த திசுவை மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவலாக வெட்டிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகின்றனர். பிசிஎல்-2 போன்ற குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அதன்மேல் இடுகின்றனர். புரதம் உள்ள இடம் பழுப்பு நிறமாகத் தெரியும். நூற்றுக்கு எத்தனை உயிரணுக்கள் பழுப்பு நிறமாயின என்று நோய்க்கூறு நிபுணர் எண்ணிச் சொல்வார். அறிக்கையில் காணப்படும் விழுக்காடு இப்படி வந்ததுதான்.

ஒரே புரதம், இரு வேறு செய்தி

பிசிஎல்-2 சாவைத் தடுக்கும் காவலர் என்றால், அது அதிகம் உள்ளவருக்கு நோயின் போக்கு மோசமாக இருக்க வேண்டும் அல்லவா? சில நோய்களில் அப்படித்தான். பி வகை உயிரணுக்களில் தோன்றும் வேகமான நிணநீர்ப் புற்றுநோய் ஒன்றில், பிசிஎல்-2 புரதமும் மிக் என்னும் புரதமும் ஒருங்கே மிகுந்திருந்தால், வழக்கமான சிகிச்சைக்குக் கிடைக்கும் பலன் குறைகிறது. மிக் உயிரணுவைப் பெருகச் சொல்கிறது. பிசிஎல்-2 சாகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் கைகோத்தால் நோய்க்கு வேகமும் ஆயுளும் சேர்ந்துவிடுகின்றன.

ஆனால் மார்பகப் புற்றுநோயில் கதை தலைகீழ். 11,000க்கும் மேற்பட்ட பெண்களின் திசுக்களை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், கட்டியில் பிசிஎல்-2 இருந்த பெண்கள், இல்லாதவர்களைவிட நன்றாக இருந்தது தெரிய வந்தது. விந்தையாகத் தோன்றினாலும் இதற்கு விளக்கம் உண்டு. மார்பகக் கட்டிகளில் பிசிஎல்-2 பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் ஏற்பிகள் உள்ள உயிரணுக்களில் காணப்படுகிறது. அத்தகைய கட்டிகள் பொதுவாக மெதுவாக வளர்பவை. ஹார்மோன் சிகிச்சைக்கும் அவை கட்டுப்படும். மேலும், பிசிஎல்-2 உயிரணுவின் பெருக்கத்தைச் சற்று மந்தமாக்கும் தன்மையும் உடையது.

இதிலிருந்து பொதுமக்கள் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரு புரதத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நல்லது, கெட்டது என்று முடிவு செய்ய முடியாது. எந்த உறுப்பில், எந்த வகை நோயில், எந்தச் சிகிச்சையின்போது அது காணப்படுகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். அண்டை வீட்டுக்காரரின் அறிக்கையில் உள்ள சொல்லும் நம் அறிக்கையில் உள்ள சொல்லும் ஒன்றாக இருக்கலாம். பொருள் வேறாக இருக்கும்.

சிங்கப்பூர் ஆய்வில் வெளிப்பட்ட 'பிம்'

இனி தொடக்கத்தில் சொன்ன இரு நோயாளிகளின் செய்திக்கு வருவோம். நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகைக்கு இஜிஎஃப்ஆர் என்னும் மரபணு மாற்றம் காரணமாகிறது. கிழக்காசிய மக்களிடையே, அதிலும் புகைப்பழக்கம் இல்லாதவர்களிடையே இது அதிகம். ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் போன்ற மாத்திரைகள் அந்த மாற்றத்தைக் குறிவைத்துத் தாக்குகின்றன. நாள்பட்ட மைலாய்ட் ரத்தப் புற்றுநோய்க்கு 2001ஆம் ஆண்டு முதல் அனுமதிக்கப்பட்ட இமாட்டினிப் மாத்திரையும் இதே இனத்தைச் சேர்ந்தது. இம்மருந்துகள் புற்றுநோய் உயிரணுவைச் சாகடிப்பதற்குத் தூதரான பிம் புரதத்தைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன.

டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஓங் சின் தியோங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டில் 'நேச்சர் மெடிசின்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சிங்கப்பூர், மலேசியா, ஜப்பான் நோயாளிகளின் மாதிரிகள் அந்த ஆய்வில் இடம்பெற்றன. பிம் மரபணுவின் நடுவே ஏறத்தாழ 2,900 எழுத்துகள் சிலரிடம் விடுபட்டிருப்பதை அவர்கள் கண்டனர். கிழக்காசியர்களுள் 12 விழுக்காட்டினரிடம் இந்த விடுபடல் இருந்தது. அந்த ஆய்வில் பார்க்கப்பட்ட ஐரோப்பியர், ஆப்பிரிக்கர் எவரிடமும் அது இல்லை.

விடுபடல் உள்ளவர்களின் உடலிலும் பிம் புரதம் உருவாகிறது. ஆனால் காவலரின் கையைப் பிடிக்கும் பகுதி இல்லாத பிம் அதிக அளவில் உருவாகிறது. தூதர் வந்து சேர்கிறார், கையில் ஓலை இல்லை என்பது போன்ற நிலை. மாத்திரை தன் வேலையைச் செய்தாலும் உயிரணு சாகத் தயங்குகிறது.

நோயாளிகளிடம் இதன் விளைவு தெளிவாகத் தெரிந்தது. இஜிஎஃப்ஆர் மாற்றம் கொண்ட நுரையீரல் புற்றுநோயாளிகளுள் விடுபடல் இல்லாதவர்களுக்கு நோய் வளராமல் இருந்த காலத்தின் இடைநிலை 11.9 மாதம். விடுபடல் உள்ளவர்களுக்கு 6.6 மாதம். ரத்தப் புற்றுநோயிலும் விடுபடல் உள்ளவர்களிடம் இமாட்டினிப் பலனளிக்காமல் போகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. சிலவற்றில் வேறுபாடு தெரியவில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, நுரையீரல் புற்றுநோயில் விடுபடல் உள்ளவர்களுக்கு மருந்தின் பலன் குறைந்த காலமே நீடித்தது என்ற முடிவு கிடைத்தது. எனினும், இது இன்னும் எல்லா நோயாளிகளுக்கும் செய்யப்படும் வழக்கமான சோதனையாகிவிடவில்லை.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இந்த விடுபடல் இருப்பதாலேயே ஒருவருக்குப் புற்றுநோய் வந்துவிடும் என்று பொருளில்லை. நூற்றுக்குப் பன்னிரண்டு பேரிடம் உள்ள ஒன்று அது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதை அறியாமலே நலமாக வாழ்கின்றனர்.

காரணம் தெரிந்தால் மாற்று வழி தேடலாம் என்பதுதான் இக்கண்டுபிடிப்பின் பயன். காவலரை நேரடியாகக் கட்டிப்போடும் மருந்தை இந்த உயிரணுக்களில் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துப் பார்த்தபோது அவை மீண்டும் சாகத் தொடங்கின. ஜப்பானில் வோரினோஸ்டாட் என்னும் மருந்தை ஜெஃபிட்டினிப்புடன் சேர்த்துக் கொடுத்து, சரியான பிம் புரதத்தின் அளவைக் கூட்டும் முயற்சியும் முதற்கட்டமாக நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது.

கணிப்பையே மாற்றிய மாத்திரை

முன்கணிப்பு கல்லில் பொறித்த எழுத்தன்று என்பதற்கு நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் ரத்தப் புற்றுநோய் சிறந்த சான்று. மேலை நாடுகளில் அதிகமாகவும் ஆசியாவில் குறைவாகவும் காணப்படும் நோய் இது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வு, நோயாளிகளை அவர்களின் குரோமோசோம் மாற்றத்தின்படி பிரித்துப் பார்த்தது. 13ஆம் குரோமோசோமில் மட்டும் ஒரு பகுதி இழந்தவர்களின் இடைநிலை ஆயுள் 133 மாதம். 17ஆம் குரோமோசோமில் பி53 இருக்கும் பகுதியை இழந்தவர்களுக்கோ 32 மாதம்தான். பி53 இல்லாததால் தூதரை அனுப்ப ஆளில்லை, கீமோதெரபி மருந்துகளும் வலுவிழந்தன.

வெனிடோகிளாக்ஸ் என்னும் மாத்திரை இந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போனது. தூதர் செய்ய வேண்டிய வேலையை இந்த மருந்தே செய்கிறது. பிசிஎல்-2வின் கையை நேரே பிடித்துக்கொள்கிறது. பி53 இல்லாவிட்டாலும் உயிரணு சாகும். இதற்கு முன்பு வந்த ஒரு மருந்து பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்தையும் சேர்த்துப் பிடித்ததால் ரத்தத் தட்டணுக்கள் அழிந்தன. வெனிடோகிளாக்ஸ் பிசிஎல்-2வை மட்டும் குறிவைக்கும்படி அமைக்கப்பட்டது. 17ஆம் குரோமோசோம் குறை உள்ள, சிகிச்சைக்குப் பிறகும் நோய் திரும்பிய அல்லது கட்டுப்படாத 107 நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டபோது 79 விழுக்காட்டினரிடம் பலன் தெரிந்தது. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா இதற்கு முதல் அனுமதி வழங்கியது.

மருந்து வேலை செய்த வேகமே தொடக்கத்தில் ஆபத்தாகவும் முடிந்தது. ஏராளமான புற்றுநோய் உயிரணுக்கள் ஒரே சமயத்தில் மடிந்து, அவற்றின் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்பட்டன. ஆரம்பகாலச் சோதனைகளில் உயிரிழப்பும் ஏற்பட்டது. அதனால்தான் இந்த நோய்க்கு இம்மாத்திரையை 20 மில்லிகிராமில் தொடங்கி, ஐந்து வாரத்தில் படிப்படியாக 400 மில்லிகிராமுக்கு உயர்த்துகின்றனர்.

தீவிர மைலாய்ட் ரத்தப் புற்றுநோயிலும் இம்மருந்து பயன் தந்தது. கடுமையான கீமோதெரபியைத் தாங்க இயலாத முதியோருக்கு, அசாசைட்டிடின் மருந்துடன் இதைச் சேர்த்துக் கொடுத்தபோது இடைநிலை ஆயுள் 14.7 மாதமாக உயர்ந்தது. அசாசைட்டிடின் மட்டும் பெற்றவர்களுக்கு அது 9.6 மாதம். 2020ஆம் ஆண்டு வெளியான முடிவு இது.

எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

"டாக்டர், அப்பாவுக்கு இன்னும் எத்தனை மாதம்?" என்று பிள்ளைகள் தனியே அழைத்துக் கேட்பது எல்லா மருத்துவரும் அறிந்த ஒன்று. பதிலாகக் கிடைக்கும் எண் பெரும்பாலும் இடைநிலை எண்ணாக இருக்கும். நோயாளிகள் அனைவரையும் ஆயுள்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் எண் அது. பாதிப் பேர் அதற்கு முன்பு, பாதிப் பேர் அதற்குப் பின்பு. பின்பாதியில் இருப்பவர்களுள் சிலர் பல ஆண்டுகள் வாழ்கின்றனர்.

அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீவன் ஜே கூல்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1982ஆம் ஆண்டில் அவருக்கு வயிற்று உள்ளுறையில் அரிய வகைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. நூலகத்திற்குச் சென்று படித்தார். அந்நோயின் இடைநிலை ஆயுள் எட்டே மாதம் என்று அறிந்தார். புள்ளிவிவரம் தெரிந்தவர் என்பதால், அந்த எண்ணுக்குப் பின்னால் நீண்டு செல்லும் வரிசையையும் அவர் பார்த்தார். அதன்பின் 20 ஆண்டு வாழ்ந்து, 2002ஆம் ஆண்டு வேறொரு புற்றுநோயால் காலமானார். எல்லாருக்கும் இப்படி அமையும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஓர் எண்ணைக் கேட்டவுடன் சிகிச்சையைக் கைவிடுவதற்கு முன், அந்த எண் எந்த ஆண்டின் நோயாளிகளை, எந்த மருந்தை வைத்துக் கணக்கிடப்பட்டது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த எண்ணை நோயாளியிடமிருந்து மறைப்பதும் நம் குடும்பங்களில் உண்டு. அன்பினால் செய்வதுதான். ஆனால், தமக்கு என்ன நேர்கிறது என்று தெரியாத நோயாளியால் தம் சிகிச்சையைத் தாமே தேர்ந்தெடுக்க இயலாது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் அவரையே கேட்பது முறை.

வாக்குறுதிகளில் கவனம் தேவை

'புற்றுநோய் உயிரணுவைத் தற்கொலை செய்ய வைக்கும்' என்ற விளம்பரத்தோடு மாத்திரைகளும் சாறுகளும் சந்தையில் உலவுகின்றன. மஞ்சளில் உள்ள குர்குமின் உள்ளிட்ட பல பொருள்கள் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய் உயிரணுக்களைச் சாகச் செய்தது உண்மைதான். ஆனால் தட்டில் ஊற்றுவதும் மனித உடலுக்குள் கட்டி வரை போய்ச் சேருவதும் ஒன்றாகாது. குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. சமையலில் மஞ்சள் சேர்ப்பதில் குறையொன்றும் இல்லை. அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

உணவும் மருந்தோடு மோதக்கூடும். வெனிடோகிளாக்ஸ் உட்கொள்பவர்கள் கிரேப்ஃப்ரூட், செவில் ஆரஞ்சு ஆகியவற்றோடு, மலேசியச் சந்தைகளில் தாராளமாகக் கிடைக்கும் பெலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழத்தையும் தவிர்க்க வேண்டும். இவை மருந்து உடலில் சிதைவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். ஆகவே மூலிகையோ ஊட்டச்சத்து மாத்திரையோ எதைச் சாப்பிட்டாலும் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதி எடுத்துச் செல்லலாம்.

- இந்தப் புரதச் சோதனை நோயின் பொதுவான போக்கைக் காட்டுகிறதா, குறிப்பிட்ட மருந்து பலிக்குமா என்பதைக் காட்டுகிறதா?
- சோதனையின் முடிவால் என் சிகிச்சை மாறுமா? மாறாது என்றால் அதைச் செய்வதன் பயன் என்ன?
- நீங்கள் சொல்லும் மாதக் கணக்கு ஆயுளைக் குறிக்கிறதா, நோய் வளராமல் இருக்கும் காலத்தைக் குறிக்கிறதா?
- முதல் மருந்து பலிக்காவிட்டால் அடுத்த வழி என்ன?

மாத்திரை பலிக்காமல் போனால் நோயாளி பத்தியம் தவறியவரும் அல்லர், பாவம் செய்தவரும் அல்லர். உயிரணுவுக்குள் ஒரு தூதருக்கு ஓலை கிடைக்காமல் போயிருக்கலாம். குற்றம் தேடும் நேரத்தில் அடுத்த வழியைத் தேட உதவுவதே சுற்றத்தார் செய்யக்கூடிய நன்மை.